மாப்பிள்ளை ஷூ

ஷூ வாங்கப் போவதென்றால் சாயங்காலம் போங்கள். காலையில் போகாதீர்கள். பகலெல்லாம் நின்று, நடந்து, அலைந்த கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குப் பொருந்துகிற ஷூதான் கல்யாணத்தன்று கடைசிப் பந்தி வரைக்கும் தாங்கும். நம் வயதுக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கெல்லாம் இப்போது எந்நேரமும் வீங்கிய கால்தான். ஆனால் பேரன்மார் கல்யாணங்கள் வரிசை கட்டி வருகின்றன, அவர்களிடம் யாராவது சொல்லத்தானே வேண்டும்.

போன மாதம் அக்காவின் பேரனுக்குக் கல்யாண ஷூ எடுக்க, ஏற்காட்டிலிருந்து அவனோடு சேலத்துக்கு இறங்கினேன். கண்ணாடிக் கதவு போட்ட ஏசி கடை. பையன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி, முனை கூராக நீண்டு, முகம் தெரிகிற பளபளப்பில் ஒன்று கேட்டான். நான் விடவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய சாக்ஸையே மாட்டச் சொன்னேன். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். கடைக்குள்ளேயே மேலும் கீழும் நடக்கவிட்டேன். கடைசியில் முழங்கால் போடச் சொன்னபோது கடைக்காரப் பையன் சிரித்துவிட்டான். சிரிக்கட்டும். மாதா கோவிலில் பீடத்துக்கு முன்னால் பூசை முழுக்க முழங்காலில் இருக்கும்போதுதான் ஷூ தன் குணத்தைக் காட்டும். இந்த விஷயத்தில் எனக்கு விளையாட்டே கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

அப்பா நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் மேஸ்திரி. பறிப்பு ஆட்கள், கவாத்து ஆட்கள் எல்லாம் அவர் அதட்டலில்தான் நடப்பார்கள். சின்னப் பையனாக பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய துரை தன் கிழிந்த பூட்ஸைக் கொடுத்தாராம். அன்று பூட்ஸுக்குள் போன கால் பிறகு வெளியே வரவில்லை. மலையில் எல்லோரும் வெறுங்காலோடு நடந்த காலத்தில் அப்பா மட்டும் பூட்ஸ். அதிலேயே வளர்ந்து அவர் பாதம் வெளுத்து, ஒடுங்கி, சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை. அகலப் பாதம் காட்டான் பாதம் என்பார்.

அப்பா அடிப்பார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. கையால் அடித்தால் அது நல்ல நாள். மற்ற நாட்களில் அந்தப் பூட்ஸ் கால்தான். குழம்பு ஆறிப்போனது, கோழி கூட்டில் அடையவில்லை, அம்மா பதில் சொன்னாள், அம்மா பதில் சொல்லவில்லை, எது வேண்டுமானாலும் காரணம். அம்மா அடுப்படி மூலையில் சுருண்டுகொள்வாள், இடுப்பில்தான் விழும். பிறகு அக்கா. பிறகு நான். ஆனால் என் முறை வருவதற்குள் அக்கா என்னை விறகு அடுக்கியிருந்த சந்துக்குள் தள்ளிவிட்டு முன்னால் நின்றுகொள்வாள். என் பங்கையும் சேர்த்து அவளே வாங்கிக்கொள்வாள். சந்துக்குள் சில்வர் ஓக் கட்டையின் காய்ந்த வாசனை அடிக்கும். அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

வெளியே அப்பாவுக்கு நல்ல பெயர். மேஸ்திரி கொஞ்சம் கோபக்காரர், மனசு தங்கம் என்பார்கள். அவர் ஊட்டுப் பொண்ணுங்களப் பாருங்க, குனிஞ்ச தல நிமிருதுங்களா என்று மற்ற வீடுகளில் எங்களைக் காட்டிப் பெண்களை வளர்த்தார்கள். நாங்கள் நிமிராததற்கு என்ன காரணம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அம்மாவே வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

நான் நாலாவது படித்த வருடம் பறிப்பு முடிந்து, களத்தில் காபி காய்ந்துகொண்டிருந்த குளிரில் அக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் செம்மநத்தத்திலிருந்து வந்தார்கள். எங்களைப் போலவே மாதா கோவில் குடும்பம், கொஞ்சம் சொந்தக் காபி, கொஞ்சம் ஆரஞ்சு. மாப்பிள்ளைக்கு எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக் மரம் ஏறி, காபிச் செடிக்கு வெயில் விழக் கிளை கழிக்கிற வேலை. காலில் ஒரு வெளுத்த கான்வாஸ் ஷூ போட்டிருந்தார். பாதம் உள்ளே போகாததால் குதிப்பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தார். அப்பா அதைப் பார்த்து மூக்கைச் சுளித்ததை நான் கவனித்தேன்.

வந்தவர்களுக்குக் கால் கழுவ வாசலில் அண்டாவும் சொம்பும் வைத்திருந்தோம். கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர்களின் ஈரச்சுவடு சிவப்பு சிமெண்டுத் தரை முழுக்கப் பதிந்தது. அக்காதான் தலை நிமிர மாட்டாளே. காபித் தட்டை நீட்டியபோதும் அவள் பார்த்தது அவர் பாதங்களை மட்டும்தான். மரப்பட்டை உரசி உரசிக் காய்த்த, விரல்கள் விரிந்த, அகலமான பாதங்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டே சாப்பிட எழுந்து பின்பக்கம் போனதும் அக்கா விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினாள். காயாமல் இருந்த ஒரு சுவட்டின் மேல் வைத்து நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று ஒடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம், அவரைப் பிடித்திருக்கிறதா என்று அவளிடம் ரகசியமாகக் கேட்டேன். முகத்தையே பார்க்கவில்லை என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "அந்தக் காலு ஆரையும் ஒதைக்காது கண்ணு" என்றாள்.

அவளுக்கு விடுதலை கிடைக்கப்போகிறது என்று எனக்குப் புரிந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் போய்விட்டால் என் முன்னால் யார் நிற்பார்கள்? கல்யாணத்துக்கு நாள் குறித்ததிலிருந்து எனக்கு இந்த ஒரு பயம்தான். சோறு இறங்கவில்லை. பாவாடைக்குப் புது நாடா கோத்துத் தந்தபோது அம்மா என் இடுப்பைத் தொட்டுப் பார்த்து, என்ன சாமி இப்படி ஒட்டிப் போயிட்ட என்றாள். அவளுக்குத் தெரியாதா என்ன.

எங்கள் ஆட்களில் மாப்பிள்ளைக்குக் கோட்டும் ஷூவும் பெண் வீட்டார்தான் எடுக்க வேண்டும். கல்யாணத்தன்று கோவில் வாசலில் எல்லோர் கண் முன்னாலும் மாப்பிள்ளை அந்த ஷூவை மாட்டிக்கொண்டு உள்ளே போவார். மாட்டவில்லை என்றால் பெண் வேண்டாம் என்று பொருள். கோவிலுக்குள் மற்ற ஆண்கள் எல்லோரும் வெறுங்கால்தான், மாப்பிள்ளையும் எஸ்டேட் துரையும் மட்டுமே ஷூவோடு இருப்பார்கள். அதனால் அந்த ஷூ பெண்ணைப் பெற்றவனின் மதிப்பு. நிச்சயம் முடிந்த பிறகு மாப்பிள்ளை மாமனாரோடு கடைக்கு வந்து கால் நீட்டுவது கௌரவம் இல்லை என்று ஒரு வழக்கம் வேறு. அளவை யாராவது கேட்டு அனுப்பியிருக்கலாம். அப்பா யாரிடமும் எதையும் கேட்கிறவர் இல்லை.

எனக்குக் கவுன் எடுக்க வேண்டும் என்று என்னையும் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஈர்க்குகள் இரண்டையும் அக்கா என் சட்டைக்குள் செருகி, கடைக்காரரிடம் மெதுவாகக் கொடுத்துவிடு என்று அனுப்பினாள். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். அடிவாரத்தில் பஸ் நின்றபோது சமவெளியின் சூடு முகத்தில் அடித்தது. கடைக்குள் புதுத் தோலும் பாலிஷும் கலந்த வாசனை.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றித் தன் காலை நீட்டினார். மாப்பிள்ளையும் என் உயரம்தான், என் கால்தான் அளவு என்றார். கடைக்காரர் முன்பக்கம் உருண்டு அகலமாக இருந்த ஒன்றை எடுத்து வந்தார். கிழவன் போடுகிறது என்று அப்பா தள்ளிவிட்டார். அவருக்குப் பிடித்தது முனை கூரான கறுப்பு ஷூ. தட்டினால் பலகை மாதிரி சத்தம் வருகிற தோல். துரை அந்த மாதிரிதான் போடுவாராம். அதை அப்பா மாட்டி எழுந்து நின்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். அவர் காலுக்கு அது அச்சாகப் பொருந்தியது.

கடைக்காரர் என் பக்கம் திரும்புவதாக இல்லை. நானே போய், அப்பா கழற்றி வைத்த புது ஷூவுக்குள் ஈர்க்குகளை விட்டுப் பார்த்தேன். நீளத்து ஈர்க்கு சரியாக இருந்தது. அகலத்து ஈர்க்கு உள்ளே இறங்கவே இல்லை. "அப்பா, இது உள்ள போகலைங்க" என்றேன்.

அறை விழுந்தது எனக்குத் தெரியாது. பெஞ்சின் விளிம்பில் வாய் மோதியது மட்டும் தெரிந்தது. எழுந்தபோது வாய்க்குள் இரும்பு ருசி, தரையில் சிவப்பாக ஒரு கொழகொழப்பு, அதில் என் பல். கடையில் இருந்த ஒரு அம்மாள் தன் குழந்தையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். கடைக்காரர் கயிற்றைத் தேடுவது போலக் குனிந்தார். அப்பா ஈர்க்குகளை வாங்கி விரல்களுக்குள் நொறுக்கிப் போட்டார். அந்த ஷூவையே கட்டச் சொன்னார். பஸ் ஏறும் முன்பு எனக்கு ஒரு ஆரஞ்சு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடிக்காவிட்டால் அதற்கும் விழும் என்று குடித்தேன். மலை ஏறி முடியும் வரைக்கும் வாய் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஈர்க்கு யாருடையது என்று கேட்டார். அக்கா தன்னுடையது என்றாள். பெட்டியைப் பிரித்து ஒரு ஷூவை எடுத்தார். மாப்பிள்ளை போடுவதற்கு முன்னால் அந்த ஷூ அக்காவின் முதுகில் இறங்கியது. முகத்தில் அடிக்கவில்லை, கல்யாணம் இருந்ததல்லவா, அந்த நிதானம் அவருக்கு எப்போதும் உண்டு. அடித்து முடித்து வேட்டி முனையால் ஷூவைத் துடைத்து, தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து மூடினார். அதற்குப் பிறகு அம்மா அவர் இல்லாத நேரம் பார்த்து அதற்குள் விளக்கெண்ணெய் தடவி, ஈரத்துணியைத் திணித்துத் தோலை இளக்கப் பார்த்தாள். எண்ணெய் வாடை காட்டிக் கொடுத்துவிட்டது. அம்மாவின் இடது மணிக்கட்டு அன்று முறுக்கப்பட்டதுதான், பிறகு நேராகவே இல்லை. கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் சேற்றில் வழுக்கியதாகச் சொன்னாள்.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம். முந்தின வாரம் மழை பெய்து காபிச் செடிகள் பூத்திருந்தன. மலை முழுக்க மல்லிகைக் கடைக்குள் நுழைந்த மாதிரி வாசனை. கோவில் வாசல் படியில் மாப்பிள்ளை உட்கார்ந்து ஷூவை மாட்டினார். குதி உள்ளே போகவில்லை. யாரோ சாப்பாட்டுக் கரண்டியைக் கொண்டுவந்து நெம்பி ஏற்றினார்கள். எழுந்து நின்றதும் அவர் முகம் ஒரு நொடி வெளுத்தது. பக்கத்தில் பூத்தட்டோடு நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்கா குனிந்த தலையோடு அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எந்த ஷூ என்று அவள் முதுகுக்குத் தெரியும்.

பூசை நீண்டது. முழங்காலில் இருந்த அவருக்குப் பின்னால் நான். ஷூவின் நடுப்பகுதி மடிந்து விரல்களைக் கடிப்பதும், அவர் எடையை மாற்றி மாற்றிப் பார்ப்பதும் எனக்குத் தெரிந்தது. தாலி கட்டினார். வெளியே வரும்போது நெருப்பு மிதிக்கிறவர் மாதிரி கால் வைத்தார். இனி அவர் எனக்கு மாமா, அவரைப் பார்த்து அழுகை வந்தது.

எங்கள் வீட்டுக்கு முன்னால் பந்தல். அங்கே நாற்காலியில் உட்கார்ந்ததும் மாமா ஷூவைக் கழற்றிவிட்டார். வெள்ளை சாக்ஸ் இரண்டும் விரல் பக்கமும் குதியும் சிவந்து ஒட்டிப்போயிருந்தன. அக்கா அத்தனை பேர் முன்னாலும் கீழே உட்கார்ந்து, தண்ணீர் விட்டு நனைத்து, சாக்ஸை உரித்தெடுத்தாள். சுண்டுவிரல் நகம் சாக்ஸோடு வந்தது.

அந்த நேரம் துரையின் ஜீப் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. அப்பா வந்து மாமாவின் முன்னால் நின்று, துரை வருகிறார், ஷூவை மாட்டு என்றார்.

"முடியலைங்க" என்றார் மாமா. "கால் நொம்பப் புண்ணாயிருச்சுங்க. வெறுங்காலோட நின்னு கும்புட்டுக்கறனுங்க."

அப்பா குனிந்து ஒரு ஷூவை எடுத்தார். மாட்டிவிடப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எடுத்த வேகத்தில் அதன் குதியால் மாமாவின் முகத்தில் அடித்தார். மூக்கிலிருந்து ரத்தம் மாலை மேலும் சட்டை மேலும் கொட்டியது. செருப்படி பட்டவன் எங்கள் பக்கம் அதோடு தலை நிமிர முடியாது, கட்டிய தாலி ஈரம் காயாதவனுக்கு அது நடந்தது. செம்மநத்தத்து ஆட்கள் எழுந்துவிட்டார்கள். நாற்காலிகள் சரிந்தன. மாமாவின் தம்பி அடுப்பிலிருந்து எரிகிற கட்டையை உருவிக்கொண்டு வந்தான். மாமா ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டித் தடுத்தார். "உக்காருங்க. புள்ளைங்க சாப்புட்டுட்டு இருக்குதுங்க."

கூட்டத்தில் யாரோ பொட்டைப் பயல் என்றது என் காதில் விழுந்தது. எங்கள் ஆட்களில் அநேகம் பேர் அன்று அப்படித்தான் முடிவு கட்டினார்கள்.

யாரும் திருப்பி அடிக்காததால் அப்பாவுக்கு வெறி ஏறிவிட்டது. கண் என் மேல் விழுந்தது. இந்தச் சனியன் கடையில் வாயை வைத்ததால்தான் எல்லாம் என்று என் சடையைப் பிடித்து இழுத்தார். ஷூவை ஓங்கினார். அக்கா பாய்ந்தாள், கல்யாணப் புடவை காலில் சிக்கி விழுந்தாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கும் அவருக்கும் நடுவில் யாரும் இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. திறந்தபோது மாமா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறுகிற கை. அப்பா விடுடா, விடுடா என்று கத்திக்கொண்டே மாமாவின் புண்ணான வெறுங்காலைத் தன் பூட்ஸால் மிதித்தார். மறுபடி மிதித்தார். ஏதோ நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், காலை நகர்த்தவில்லை, அப்பாவை அடிக்கவும் இல்லை. அப்பாவின் விரல்கள் நீலம் பாரித்து ஷூ தானாகக் கீழே விழும் வரைக்கும் பிடித்திருந்தார். பிறகு விட்டார். ஜீப்பிலிருந்து இறங்கிய துரை இதையெல்லாம் பார்த்தார். வேலிப் பக்கம் திரும்பி, இந்த வருஷம் பூப்பு நன்றாக இருக்கிறது என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.

"இந்தப் புள்ளையும் எங்ககூட வருதுங்க" என்றார் மாமா. யாரையும் பார்த்துக் கேட்டதல்ல அது.

அம்மா உள்ளேயிருந்து ஒரு மூட்டையோடு வந்தாள். என் துணிகள் எல்லாம் மடிப்புக் கலையாமல் அதில் இருந்தன, பள்ளிக்கூடப் புத்தகங்கள்கூட. அவசரத்தில் கட்டிய மூட்டை இல்லை. அவள் எப்போதோ கட்டி வைத்திருந்தாள், யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியாமல் இருந்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்திருந்த வாடகை ஜீப்பில் கோணல் கையால் என்னைத் தூக்கி ஏற்றினாள். நீங்களும் ஏறுங்க அத்தை என்று மாமா கெஞ்சினார். அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"நானும் வந்தா அவரு அங்கயும் வந்துருவாரு தம்பி. நான் இங்க இருந்தா வரமாட்டாரு. இவள மட்டும் இங்க திரும்பக் கூட்டியாராதீங்க. நான் செத்தாலும் கூட்டியாராதீங்க. வாக்குக் குடுங்க."

மாமா அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஜீப் கிளம்பியது. நான் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் திரும்பிப் பார்க்காமல், சரிந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

செம்மநத்தத்து வீட்டில் என்மேல் ஒரு விரல் பட்டதில்லை. மாமாவின் வலது கால் எலும்பு கோணலாகச் சேர்ந்து, அவர் கடைசி வரைக்கும் கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தார், மரம் ஏறுவது அதோடு நின்றது. என்னைப் படிக்க வைத்தார். தன் சொந்தப் பெண்ணாகவே வளர்த்தார். எனக்குப் பசி திரும்பி வந்தது. கிளாசில் யாராவது பென்சிலை ஓங்கினால்கூடக் குனிகிற பழக்கம் மெல்ல மெல்லப் போனது.

நான் ஹைஸ்கூலில் இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் அம்மா இறந்துவிட்டாள் என்று எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்தது. நான் மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரே ஒரு தடவை, முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அவரும் அழுதார். "உங்கம்மாளுக்கு வாக்குக் குடுத்துட்டேன் கண்ணு" என்றார். பக்கத்து வீட்டு அம்மாளை எனக்குக் காவல் வைத்துவிட்டு அக்காவோடு போனார்.

மாமா போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது. செம்மநத்தத்தில் இன்றும் அவர் பேச்சு வந்தால், சொன்ன சொல் தவறாத மனுசன் என்பார்கள். உண்மைதான். என்னை உயிரோடு வைத்தது அந்தச் சொல். அவர்மேல் எனக்கு இருக்கிற நன்றி சொல்லி முடியாது. அவர்மேல் எனக்கு இருக்கிற கோபமும் அப்படித்தான்.

அம்மாவின் அடக்கத்தைப் பற்றி அக்கா வெகு காலம் வாயே திறக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்த பிறகு ஒருநாள் தானாகச் சொன்னாள். சவப்பெட்டிக்குள் அம்மாவின் முகத்தைத் துணி போட்டு மூடியிருந்தார்களாம். கிணற்றடியில் விழுந்துவிட்டாள், பார்க்கிற மாதிரி இல்லை என்றாராம் அப்பா. தலைமாட்டில் பூட்ஸ் காலோடு உட்கார்ந்திருந்த அவரைச் சுற்றி நின்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்களாம். கோவில் ஆட்கள், எஸ்டேட் ஆட்கள், பங்குச் சாமியார், அக்கா, மாமா, எல்லோரும் அங்கேதான் நின்றிருக்கிறார்கள். ஒருவரும் அந்தத் துணியை விலக்கவில்லை. நான் போயிருந்தால் விலக்கியிருப்பேன்.